பதினோராவது உறை

லியாண்டர் வெர்த் வாயைத் திறந்தால் மழை வரும் என்று எங்கள் ஊர் செயின்ட் ஓடிலியாவில் ஒரு கேலி உண்டு. மேற்குக் கான்சாஸில் மழை என்ன லட்சணத்தில் பெய்யும் என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கேலியின் காரம் புரியும். ஆள் ஊமையும் இல்லை, சிடுமூஞ்சியும் இல்லை. வீட்டில் பேச வேண்டியதை எல்லாம் அர்மெல்லாவே பேசித் தீர்த்துவிடுவாள். இவருக்கு மிச்சம் இருக்காது. விதை வியாபாரியிடம் பேரம், பாதிரியாரிடம் வம்பு, டென்வரில் இருக்கும் மகனிடம் ஞாயிற்றுக்கிழமை போன், எல்லாம் அவள்தான். இவர் கதவோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். நாற்பது வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடிவிட்டது, இரண்டு பேருக்கும் குறையில்லாமல்.

போன வருஷம் கோதுமை அறுப்பு முடிந்த கையோடு அர்மெல்லாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. அது மட்டும் எப்படித் தப்பித்தது என்று டாக்டருக்கும் தெரியவில்லை. "நாளைக்கு." பசிக்கிறதா என்றால் நாளைக்கு. வலிக்கிறதா என்றால் நாளைக்கு. பாதிரியார் வந்து நற்கருணை கொடுத்தபோது ஆமென் சொல்ல வேண்டிய இடத்திலும் நாளைக்கு. அவர் சிரித்துவிட்டார், அவளும் சிரித்தாள். புத்தி கொஞ்சமும் மழுங்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரியும். இவ்வளவு பேசின பொம்பளைக்கு இப்படி ஒரு தண்டனையா என்று ஊரே வாய்விட்டு வருத்தப்பட்டது.

லாரிமரில் இருக்கும் கவுண்டி ஆஸ்பத்திரியின், எங்கள் மாவட்ட ஆஸ்பத்திரியின், பின்கட்டில் அவளைச் சேர்த்திருந்தார்கள். வீட்டுக்குத் திரும்ப முடியாதவர்கள் படுத்திருக்கும் இடம் அது. லியாண்டரின் பண்ணையிலிருந்து அரை மணி நேர ஓட்டம். தினமும் சாயங்காலம் போய் அவளுக்கு ராத்திரிச் சாப்பாட்டை ஊட்டிவிட்டு வருவார். நர்ஸ் ஊட்டினால் சாப்பிட மாட்டாள் என்று இல்லை. இவருக்குத்தான் ஊட்டாமல் இருக்க முடியாது. செஞ்சோளம் அறுக்கும் பருவத்தில்கூட, வெளிச்சம் இன்னும் பாக்கி இருக்கும்போதே கம்பைன் எந்திரத்தைப் பாதி வயலில் நிறுத்திவிட்டு இறங்கி, சுணை போகக் கழுத்தைக் கழுவிக்கொண்டு வண்டியை எடுப்பார். பனி விழுந்து கதிர் சாய்வதற்குள் அறுத்து முடிக்க வேண்டிய நேரத்தில் எந்திரத்தை நிறுத்துகிறவனை எங்கள் பக்கத்தில் யாரும் சம்சாரி என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கிளம்பும்போது தொப்பியை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வரேன் அர்மெல்லா" என்பார்.

"நாளைக்கு" என்பாள் அவள்.

நாள் முழுக்க அவள் சொன்ன அத்தனை நாளைக்குகளிலும் அந்த ஒன்று மட்டும் சரியான இடத்தில் விழும். அதைக் கேட்கத்தான் அவர் அவ்வளவு தூரம் போனார் என்றுகூடச் சொல்லலாம்.

அந்தப் பின்கட்டுக்கு ஆபத்து வந்தது. நஷ்டத்தில் ஓடுகிறது, நிலவரியில் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தால் நடத்துவோம், இல்லாவிட்டால் கிறிஸ்துமஸுக்குள் மூடிவிடுவோம் என்று ஆஸ்பத்திரி நிர்வாகம் கையை விரித்துவிட்டது. ஏற்றலாமா வேண்டாமா என்று கவுண்டி மக்கள் நவம்பரில் ஓட்டுப் போட வேண்டும். தோற்றால் அர்மெல்லாவைக் கிழக்கே இரண்டரை மணி நேரம் தள்ளி ஒரு நகரத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தினமும் போய்வர முடியாது. மாடுகள் இருக்கின்றன, வயசு எழுபதைத் தாண்டிவிட்டது, ராத்திரியில் ரோட்டில் மான்கள் குறுக்கே பாயும். லியாண்டருக்கு இருந்த கவலை இது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவருக்குத் தூசி.

முன்னெல்லாம் உள்ளூர் ஓட்டு ஏப்ரலில் நடக்கும். கோதுமை பச்சையாக நிற்கும் காலம், வயலில் ஒரு வேலையும் கிடையாது. ஓட்டுப் போட வந்தவர்கள் சர்ச் மண்டபத்தில் உட்கார்ந்து மத்தியானம் வரை காபி குடிப்பார்கள். தலைநகரத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் அதை நவம்பருக்கு மாற்றினார்கள். அப்போதுதான் நிறையப் பேர் வருவார்களாம். நவம்பரில் எங்கள் ஆட்கள் எல்லாம் எந்திரத்துக்கு மேலே இருப்பார்கள் என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

வயதானவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் தபால் ஓட்டு இருந்தது. அதைக் கவனித்துக்கொண்டது அர்மெல்லாவும் அவளுடைய சிநேகிதி பெர்னிட்டா லைக்கரும். தபால் ஓட்டுக் கேட்கும் பாரத்தில் பெயர், விலாசம் எல்லாவற்றையும் இவர்களே டைப் அடித்து, கையெழுத்து மட்டும் போடும்படி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இந்த முறை பெர்னிட்டா அசையக் காணோம். செப்டம்பர் முடிந்தது. ஒரு நாள் லியாண்டர் அவள் வீட்டு அடுக்களைக் கதவைத் தட்டினார்.

பெர்னிட்டா பீராக் செய்துகொண்டிருந்தாள். மாட்டுக்கறியையும் முட்டைக்கோசையும் வதக்கி மாவுக்குள் அடைத்துச் சுடும் ரொட்டி அது. மாவுக் கையோடு வந்து கதவைத் திறந்தாள்.

"நீயா? யாரு செத்தா?"

"யாரும் சாகல." லியாண்டர் தொப்பியைக் கழற்றினார். "பாரம்."

"என்ன பாரம்?"

"ஓட்டுப் பாரம். நீ போகலையா?"

"உட்காரு முதல்ல. நின்னுக்கிட்டே இருந்தா எனக்கு மாவு கையில ஒட்டுது." அவள் ஒரு உருண்டையைத் தட்டி அகலமாக்கினாள். "போக முடியாது லியாண்டர். சட்டம் மாத்திட்டாங்க. நாம பேரு அடிச்சுக் கொடுக்கக் கூடாதாம். வெறும் பாரமாத்தான் கொடுக்கணும், அவங்கவங்களே நிரப்பணும். ஓட்டுச் சீட்டை வாங்கிட்டுப் போய், கோர்ட்டுக் கட்டடத்துல இருக்கற தேர்தல் ஆபீசுல கொடுக்கறதுக்கும் கணக்கு வச்சுட்டாங்க. ஒருத்தர் பத்துக்கு மேல கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோறவன் அங்க சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும்."

"பத்து போதாதா?"

"எனக்குப் பயமா இருக்குப்பா. தப்பா ஒரு கோடு போட்டாலும் கேஸுங்கறான் என் மருமகன். அவன் வக்கீல் ஆபீசுல இருக்கான், தெரிஞ்சுதான் சொல்லுவான். அர்மெல்லா இருந்தா அவ பின்னாடி போயிருப்பேன். அவதானே பேசுவா. நான் கேக் தூக்கிக்கிட்டுப் போறவ." அவள் கறியை அள்ளி வைத்து மாவை மூடினாள். "அதுவும் போக, முன்ன தேர்தலன்னைக்குத் தபால்ல போட்டாக்கூட மூணு நாள் வரைக்கும் வந்தா எண்ணுவாங்க. இப்ப அதுவும் கிடையாது. அன்னைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்குள்ள கையில வந்து சேரணும். வரலைன்னா குப்பைதான்."

லியாண்டர் தொப்பியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"வெறும் பாரம் உன்கிட்ட இருக்கா?"

"யாரு போகப் போறா?"

அவர் பாரத்துக்காகக் கையை நீட்டினார். பெர்னிட்டாவுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. வாயில் மாவுக் கையை வைத்துக்கொண்டாள்.

"நீயா? நீ போய் என்ன பேசுவ?"

"தெரியல."

"அடக் கடவுளே" என்றாள் பெர்னிட்டா. பாரக் கட்டையும், சுடச்சுட நாலு பீராக்கைத் துணியில் சுற்றியும் கொடுத்தாள். வாசல் வரைக்கும் வந்து, "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க" என்றாள். "எதுக்கு ஓட்டுப் போடுறீங்கன்னு யாரையும் கேக்காத. அர்மெல்லா ஒரு நாளும் கேட்டதில்ல. கேட்டுட்டா அந்த வீட்டுல காபி குடிக்கற யோக்கியதை போயிடும்பா."

அதற்குப் பிறகு மழை வரும் நாட்களும், ஈரத்தில் சோளம் அறுக்க முடியாத காலை நேரங்களும் லியாண்டருக்கு அடுக்களைகளாகப் போயின. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கதைதான். இவரைப் பார்த்ததும் யார் செத்தது என்று கேட்பார்கள். யாரும் இல்லை என்பார். பிறகு காபி. பிறகு கண்ணாடியைத் தேடுவார்கள். பிறகு இவர் ஒவ்வொரு கட்டமாக வாசிக்க வேண்டும். "இங்க பேரு. இங்க பிறந்த தேதி. இங்க கையெழுத்து." ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் அவர்கள் இடுப்புவலி, மருமகள், தானியக் கிடங்கில் எடை குறைப்பது என்று பேசிக்கொண்டே போவார்கள். தனியாக இருக்கிற கிழங்கள். ஆள் கிடைத்தால் விடுவார்களா? இவர் ம், ம் என்று தலையாட்டுவார். இத்தனை வீட்டுக்குள்ளும் இத்தனை தனிமை அடைத்துக் கிடக்கிறது என்று அவருக்கு அதுவரை தெரியாது. அர்மெல்லா ஏன் பாரம் கொடுக்கப் போனால் பொழுது சாயத்தான் வருவாள் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

சாயங்காலம் ஊட்டும்போது அவளிடம் எல்லாவற்றையும் சொல்வார். அவர்கள் கல்யாணத்தில் முதல் தடவையாக அவர் பேசினார், அவள் கேட்டாள். "மெட்டில்டா வீட்டுல கேக் உப்பா இருந்துச்சு" என்று சொன்னபோது அவளுக்குச் சிரிப்பில் புரையேறியது.

கடைசியாகப் போனது இசிடோர் ட்ரைலிங் வீட்டுக்கு. எண்பத்தைந்து வயசு. ஊரில் மூத்த ஆண்களை வெட்டர் என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். இவரை எல்லாரும் கொஞ்சம் பயத்தோடும் கூப்பிடுவார்கள். இடுப்பெலும்பு முறிந்து, நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு திரிந்தார். ஓட்டுநர் உரிமத்தையும் பிடுங்கிவிட்டார்கள். அதிலிருந்து அவர் கோபம் இன்னும் கூடிவிட்டது.

"யாருடா அது?"

"நான்தான் வெட்டர். லியாண்டர்."

"பேசுறானே. போய்க் கொடியில கிடக்கற துணியை எடுத்து உள்ள போடு. மழை வரப் போவுது."

லியாண்டர் உள்ளே போய்ப் பாரத்தை மேஜையில் வைத்தார். அடுப்பில் நூடுல்ஸ் வெந்துகொண்டிருந்தது. இன்னொரு சட்டியில் ரொட்டித் துருவல் வெண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தது. ஒரு ஆள் சாப்பாட்டுக்கு இவ்வளவு வெண்ணெயா என்று நினைத்தார்.

"எனக்கு எதுக்கு இது? என் தம்பி மகன் கொண்டுபோய்க் கொடுக்கறேன்னிருக்கான்."

"பாரம் மட்டும் நிரப்புங்க. சீட்டு வந்தப்புறம் அவன் கொண்டுபோகட்டும்."

"நீ எத்தனை பேருக்குக் கொண்டுபோற?"

"ஒன்பது. அர்மெல்லாவோடது பத்து."

"பொண்டாட்டிதும் கணக்குல வருதா?"

"பத்துன்னு போட்டிருக்கு. வேற ஒண்ணும் போடல."

"நீ ஒரு மடப்பய" என்றார் இசிடோர். ஆனால் கையெழுத்துப் போட்டார். நூடுல்ஸையும் இரண்டு தட்டில் போட்டார்.

ஓட்டுச் சீட்டுகள் தபாலில் வந்தன. அர்மெல்லாவின் சீட்டை லியாண்டர் பின்கட்டுக்குக் கொண்டுபோனார். சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகையில் அதை விரித்து வைத்து, நர்ஸ் டேரிஸ் கேள்வியை மெதுவாக வாசித்தாள். பின்கட்டுக்காக நிலவரியை ஏற்றலாமா என்ற ஒரே கேள்வி. ஆமாம் என்று ஒரு வட்டம், இல்லை என்று ஒரு வட்டம். லியாண்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், பார்க்கக் கூடாது என்று. ஆனால் ஜன்னல் கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது.

அவள் இடது கையில் பேனாவைப் பிடித்தாள். வட்டத்துக்குள் மெல்ல மெல்ல, ஒரு மூலை விடாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு கறுப்பாக்கினாள். ஆமாம் என்ற வட்டம். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் முகத்தில் இருந்த பூரிப்பை லியாண்டர் எங்கள் பாதிரியாரிடம் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக அவளிடம் ஒன்று கேட்டார்கள், அவள் நினைத்த பதிலையே சொல்லிவிட்டாள். கோணல் மாணலாக இடக்கையில் போட்ட கையெழுத்துக்குப் பக்கத்தில் டேரிஸ் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

தேர்தலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. கோர்ட்டுக் கட்டடத்தில் கொடுத்துவிடலாம் என்று ஒன்பது உறைகளை ஒரு செருப்புப் பெட்டியில் போட்டு, வண்டியில் வைத்திருந்தார் லியாண்டர். அர்மெல்லாவின் உறை ஆஸ்பத்திரியில் அவள் மேஜை இழுப்பறைக்குள் இருந்தது. அவர் கிளம்பும் நேரத்தில் போன் வந்தது.

"தம்பி மகனைக் காணோம்" என்றது இசிடோரின் குரல். "சோளம் அறுக்கறானாம், ஞாயித்துக்கிழமை வரேங்கறான். அவன் ஞாயித்துக்கிழமை எனக்குத் தெரியும். நீ வந்து எடுத்துட்டுப் போ."

"உங்க வாசல் தபால் பெட்டியில போட்டு, தபால்காரன் பார்த்து நிக்கறதுக்கு அதுல இருக்கற சின்னக் கொடியைத் தூக்கி விட்டீங்கன்னா..."

"தபால்காரன் காலையிலயே போயிட்டான். இனிமே நாளைக்குத்தான். நாளைக்கு எடுத்தா எப்ப போய்ச் சேரும்? உனக்கு முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு."

லியாண்டர் போனார். இசிடோர் வாசலிலேயே நடைவண்டியில் சாய்ந்துகொண்டு, கோட்டுப் பைக்குள் உறையோடு நின்றார். அன்றைக்குக் காற்று தெற்கிலிருந்து அடித்தது. வயல்களில் கிளம்பின தூசி வானத்தைப் பழுப்பாக்கியிருந்தது. கிழவரின் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"கொடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நீ கேக்க மாட்ட, எனக்குத் தெரியும். நான் வேண்டாம்னு போட்டிருக்கேன்."

கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார் கிழவர்.

"போன தடவை வரியை ஏத்தினப்ப இதுதான் கடைசின்னானுங்க. சரி, அது போகட்டும். என் வீட்டுக்காரி அந்தப் பின்கட்டுலதான் செத்தா. மணியடிச்சு மணியடிச்சுப் பார்த்திருக்கா. யாரும் வரல. நான் காலையில போறேன், கை மணிமேலயே இருக்கு. அந்த இடத்துக்கு நான் ஒத்தக் காசு தர மாட்டேன்." அவர் உறையை நீட்டவில்லை. "உன் பொண்டாட்டி அங்க இருக்கா. உனக்கு இது வேணும். எனக்குப் புரியுது. அதான் முன்னாடியே சொல்லிட்டேன். நீ வாங்காமப் போனாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன்."

காற்றில் லியாண்டரின் தொப்பி பறக்கப் பார்த்தது. ஒரு கையால் அதை அமுக்கிக்கொண்டு, மற்ற கையை நீட்டினார்.

"எடுத்துட்டுப் போறேன்னுதானே வந்தேன், வெட்டர்."

லாரிமர் போகிற வழியெல்லாம் அவர் எண்ணிக்கொண்டே போனார். ஒன்பதும் இதுவும் பத்து. அர்மெல்லாவுடையது பதினொன்று. பேசாமல் பதினொன்றையும் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடலாம். யார் எண்ணப் போகிறார்கள்? ஆனால் பத்துக்கு மேல் கொண்டுவரவில்லை என்று அங்கே கையெழுத்துப் போட வேண்டும். தன் பேரை எழுதிப் பொய் சொல்ல அவருக்கு வராது. இசிடோரின் உறையை ஓடையில் எறிந்துவிடலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. பாலத்தைத் தாண்டியபோது வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது, பிறகு கூடியது.

செருப்புப் பெட்டியோடு உள்ளே போய், இழுப்பறையிலிருந்து அவள் உறையையும் எடுத்துக்கொண்டு, அர்மெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். இசிடோர் என்ன போட்டிருக்கிறார் என்பதையும் மறைக்கவில்லை. "உன்னோடதை எடுத்துட்டுப் போறேன். அவரோடதை அவருக்கே திருப்பிக் கொடுத்துடறேன். என்ன சொல்ற?"

அவள் கண்ணை மூடி யோசித்தாள். பிறகு இடது கையால் இரண்டு உறைகளையும் அவரிடமிருந்து வாங்கினாள். இசிடோரின் உறையைச் செருப்புப் பெட்டியில் போட்டாள். தன்னுடையதை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். ஆஸ்பத்திரி வாசலில் நீலத் தபால் பெட்டி நின்றது.

"தபால்லயா?"

"நாளைக்கு" என்றாள், ஆமாம் என்கிற மாதிரி.

டேரிஸும் அதையே சொன்னாள். "அதுல போட்டா என்ன? இன்னிக்கு வெள்ளி. கோர்ட்டு இங்கிருந்து நாலு தெரு. நடந்து போனாலே திங்கட்கிழமைக்குள்ள போயிடும்."

அவர்களுக்கு அது சரியாகத்தான் பட்டது. லாரிமர் தபாலாபீஸில் போட்ட கடிதம் லாரிமரிலேயே முத்திரை குத்தி அன்றைக்கே அடுத்த தெருவுக்குப் போன காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் பிறந்தவர்கள் அவர்கள். சக்கர நாற்காலியில் கம்பளியைச் சுற்றி லியாண்டர் அவளை வெளியே தள்ளிக்கொண்டு போனார். கோர்ட்டுக்கே தள்ளிக்கொண்டு போயிருந்தால் என்ன என்று பின்னால் ஆயிரம் தடவை அவர் தன்னையே கேட்டிருப்பார். காற்று அப்படி அடித்தது, அவள் இருமினாள், "தபால் பெட்டி வரைக்கும்தான், உடனே திரும்பிடணும்" என்று டேரிஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அர்மெல்லாவே கையை உயர்த்தி உறையைப் பெட்டிக்குள் போட்டாள். போய்ச் சேர்ந்ததா என்று மூடியைத் திரும்ப ஒரு தடவை திறந்து பார்த்தாள்.

லியாண்டர் பத்து உறைகளைக் கோர்ட்டில் கொடுத்து, சத்தியக் கையெழுத்துப் போட்டார். செவ்வாய்க்கிழமை தன் ஓட்டை நேரில் போய்ப் போட்டார். சர்ச் மண்டபம் காலியாகக் கிடந்தது. காற்று நின்று, வடக்கே பனி மேகம் கட்டியிருந்ததால் ஊர் முழுக்க வயலில் இருந்தது. திரும்பின பக்கமெல்லாம் கம்பைன்களின் தூசி எழும்பி நின்றது. பெர்னிட்டா மட்டும் காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எதையோ பின்னிக்கொண்டிருந்தாள்.

"ஆளே வரலியே லியாண்டர்" என்றாள்.

தோற்றுப்போயிற்று. கதையாக இருந்தால் ஒரே ஓட்டில் தோற்றிருக்கும். அப்படியெல்லாம் இல்லை. இசிடோர் மாற்றிப் போட்டிருந்தாலும், அர்மெல்லாவின் உறை நேரத்துக்கு வந்திருந்தாலும் தோற்றிருக்கும். வயலில் இருந்தவர்களில் பாதிப் பேர் வந்திருந்தால் கதை வேறு. ஆனால் லியாண்டருக்கு அந்தக் கணக்கு எதுவும் ஆறுதலாக இல்லை.

புதன்கிழமை மத்தியானம் கோர்ட்டுக்குப் போனார். தேர்தல் வேலை பார்க்கும் மார்லிஸ் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். சின்ன வயசில் அர்மெல்லாவிடம் ஞாயிறு மறைக்கல்வி படித்த பெண்.

"வந்துச்சா?" என்றார்.

"காலையில வந்துச்சு."

"வெள்ளிக்கிழமை போட்டது."

"தெரியும். இப்பல்லாம் இங்க போடுற தபால் இங்க நிக்காது. பெரிய சிட்டிக்குப் போய், அங்க பிரிச்சு, திரும்பி வரணும். நடுவுல ஞாயித்துக்கிழமை வேற." மார்லிஸ் கையைப் பிசைந்தாள். "முன்ன மாதிரின்னா எண்ணியிருப்பேன். மூணு நாள் டயம் இருந்துச்சே. இப்ப நான் ஒண்ணும் பண்ண முடியாது. நானா போட்ட சட்டம் இல்ல."

"உன்னை யாரு சொன்னா" என்றார் லியாண்டர். "அதை நான் பார்க்கலாமா?"

உறையைத் தூரத்திலிருந்து காட்டினாள். பிரிக்காமலே இருந்தது. கோணல் கையெழுத்து. உள்ளே, ஒரு மூலை விடாமல் கறுப்பாக்கின வட்டம்.

அவருக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் தேவலை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றரை வருஷமாக வாய்க்குள் அடைத்துக் கிடந்தவள் ஒரே ஒரு பேச்சுப் பேசினாள். அது நாலு தெரு தாண்டி வருவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. எண்ணித் தோற்றிருந்தால்கூடப் பரவாயில்லை என்று மார்லிஸிடம் சொன்னார். அவள் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அன்று சாயங்காலம் அர்மெல்லாவிடம் தோற்றுவிட்டது என்று மட்டும் சொன்னார். உறை போய்ச் சேர்ந்ததா என்று அவள் கண்ணால் கேட்டாள். விரலால் பலகையில் ஒரு வட்டம் போட்டுக் காட்டிக் கேட்டாள்.

"வந்துச்சு" என்றார். காலையில் வந்ததாக மார்லிஸும் சொன்னாளே, அது பொய் இல்லை. எப்போது என்று அவளால் கேட்க முடியாது. அவளால் கேட்க முடியாததைச் சாக்காக வைத்துக்கொண்டோமே என்று வண்டியில் வரும்போது அவருக்கு அவமானமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து இசிடோர் போன் செய்து வரச் சொன்னார். மேஜையில் இரண்டு தட்டு வைத்திருந்தது.

"திட்டறதா இருந்தா திட்டிடு" என்றார்.

"எதுக்கு?"

"அர்மெல்லாவோடது எண்ணலையாமே. பெர்னிட்டா சொன்னா. என்னோடது போன இடத்துல அது போயிருக்கணும்."

"அவதான் போடச் சொன்னா. உங்களோடதைப் பெட்டியில போட்டதே அவதான்."

கிழவர் கரண்டியைக் கீழே வைத்தார். "நான் என்ன போட்டிருக்கேன்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

நூடுல்ஸ் ஆறி, வெண்ணெய் தட்டில் உறைந்தது. "மறுபடி கேட்டாலும் வேண்டாம்னுதான் போடுவேன்" என்றார் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "ஆனா அவகிட்ட சொல்லு..." ஆறின தட்டைத் தள்ளி வைத்தார். லியாண்டர் தலையாட்டிவிட்டு எழுந்தார்.

டிசம்பர் நடுவில் அர்மெல்லாவை ஆஸ்பத்திரி வேனில் கிழக்கே கொண்டுபோனார்கள். லியாண்டர் தன் வண்டியில் பின்னாலேயே போனார். வழிநெடுக அறுத்த சோளக்காட்டுத் தட்டைகளில் பனி படிந்திருந்தது. சுண்ணாம்புக்கல் வேலிக்கால்கள் தீர்ந்து, மரங்கள் வந்தன, ஊர்கள் நெருங்கின, ரோடு அகலமாயிற்று. புது இடம் பெரிய கட்டடம். சுத்தமாகத்தான் இருந்தது. அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது. அவள் பேசிய பேச்செல்லாம் யாருக்கும் தெரியாது. ஒரு சின்ன நர்ஸ் வந்து, "இவங்க எப்பவும் பேசாதவங்களா?" என்று கேட்டாள். லியாண்டர் அந்தப் பெண்ணை உட்கார வைத்து, அர்மெல்லா விதை வியாபாரியை அழ வைத்த கதையை முதலிலிருந்து முடிவு வரை சொன்னார். அர்மெல்லா ஆச்சரியத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டை ஊட்டினார். அங்கே நாலரைக்கே கொடுத்துவிடுகிறார்கள். வாயைத் துடைத்துவிட்டார். கம்பளியைச் சரிசெய்தார். மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டியில் பனிக்கட்டியை உடைக்க வேண்டும், கிளம்பித்தான் ஆக வேண்டும். தொப்பியை எடுத்தார்.

"போயிட்டு வரேன் அர்மெல்லா."

"நாளைக்கு" என்றாள்.

அவர் கதவருகே நின்றுவிட்டார்.

"நாளைக்கு இல்லம்மா. ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நேரா வந்துடுவேன்."

அவள் தலையை ஆட்டினாள். புரிந்தது என்று தலையை ஆட்டினாளா, இல்லை என்று ஆட்டினாளா என்று தெரியவில்லை. இடது கையை நீட்டினாள். "நாளைக்கு" என்றாள் மறுபடியும். அந்தச் சொல் எப்போதும்போல சரியான இடத்தில்தான் விழுந்தது.

லியாண்டர் திரும்பி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பதினோராவது உறைக்காகப் பொய்க் கையெழுத்துப் போட முடியாத மனுஷன் அவர்.

"சரி" என்றார். "நாளைக்கு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு, விளக்கை அணைக்காமல், மெதுவாகக் கதவைச் சாத்தினார்.